பிலிமத்தலாவையில் கண்டெடுக்கப்பட்ட மாணவன்

பல்கலைக்கழகம் போகப் பயமாக இருக்கிறது என்று என் மகள் சொன்னபோது நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்து, ஒரு வாய் சாப்பிட்டு, யோசித்துப் பேசியிருக்கலாம். அவ்வளவு பொறுமை என்னிடம் இருந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது.

"பயமா? அது என்ன புலிக்கூண்டா? இந்த வயசுல நானே போய் உக்காந்துட்டு வருவேன்" என்றேன்.

"சரி, போங்க" என்றாள்.

அவளுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கண்டி மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்கு வந்து அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுப்பா. மத்தியானம் சாப்பாட்டுக்கு யாரோட போய் உக்காருறது?" என்பதுதான் கவலை. இதற்குப் பதிலாக அவள் கண்டுபிடித்திருந்த வழி, பிலிமத்தலாவையில் இருக்கும் எங்கள் ஹாட்வெயார் கடையில் என்னோடு உட்கார்ந்துவிடுவது. குழாய், ஆணி, பெயின்ட், அப்பா. எல்லாம் தெரிந்த முகங்கள்.

நான் சொன்னதை நான் மறந்துவிட்டேன். என் மனைவி மறக்கவில்லை. என்னுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே பல வருசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எழுப்பாமல் நேரே கடைக்குப் போனவன். மனைவி அதைத் தட்டி எழுப்பினாள்.

"சனி ஞாயிறுல படிக்கிற பட்டப்படிப்பு இருக்குங்க. தமிழ்லயே படிக்கலாம். கிழமை நாள்ல கடை, சனி ஞாயிறுல பேராதனை கம்பஸ். உங்க வாய்க்கும் ஒரு வேலை."

அப்படித்தான் மாட்டினேன். மகள் கடைசி ஆணியையும் அடித்தாள்.

"முதல் நாள், கடைசி வகுப்பு முடியுற வரைக்கும் நீங்க அங்க இருக்கணும். இருந்தீங்கன்னா நானும் போறேன். நடுவுல ஓடி வந்தீங்கன்னா நான் கடைக்கு வந்துருவேன். அதுக்கப்புறம் கம்பஸ் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு நாள் கதிரையில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா? கடையில் அதைத்தானே செய்கிறேன்.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்தது.

வெள்ளிக்கிழமை அரை அங்குலக் குழாய் கேட்டவருக்கு இரண்டு அங்குலக் குழாயைக் கொடுத்தேன். வெள்ளை பெயின்ட் கேட்டவருக்குச் சீமெந்து மூட்டையைத் தூக்கி வைத்தேன். பகல் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் வகுப்பறைதான் தெரிந்தது. எல்லாரும் இருபது வயது. நான் உள்ளே போகிறேன். ஒருவன் எழுந்து, "அங்கிள், மகளைத் தேடி வந்தீங்களா?" என்று கேட்கிறான். இன்னொருவன் கைபிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் தருகிறான். அவமானத்திலேயே பெரிய அவமானம் இந்த மரியாதைதான். இதற்கு நடுவே ராகிங் வேறு ஞாபகம் வந்துவிட்டது.

"இந்த வயசுல என்னைய ராகிங் பண்ணா பிரஷர் ஏறாதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஏறும். பண்றவனுக்கு" என்றாள்.

சனிக்கிழமை காலை நான் டை கட்டினேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. பயந்தவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதுபோல நான் அந்த நீல டையைப் பிடித்துக்கொண்டேன். பையில் நான்கு நிறப் பேனாக்கள், ஒரு அடிமட்டம், ஒரு கொம்பாஸ் பெட்டி. நான் படிக்கப்போவது சமூகவியல். வட்டம் வரைய எங்கே இடம் வரும் என்று மகள் கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

மனைவி கடையைத் திறக்க முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். மகள் என் போனை வாங்கி எதையோ அழுத்தி, நான் எங்கே இருக்கிறேன் என்று தன் போனில் தெரிகிற மாதிரி செய்தாள்.

"இந்த நீலப் புள்ளிதான் நீங்க. கம்பஸுக்குள்ள இருக்கணும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

பெற்ற பிள்ளை என்னைப் புள்ளியாக்கிவிட்டாள்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் தெரிந்தவர். தினமும் போகிற ஆள்தானே என்று ஒன்றும் கேட்காமல் பிலிமத்தலாவைக்கு டிக்கெட் கிழித்துக் கையில் வைத்தார். நானும் காசைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த டிக்கெட் கைக்கு வந்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. கெட்டம்பே தாண்டியது. பேராதனை வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். அடுத்ததாக இறங்கவேண்டியவன் நான். மூளை எழும்பு என்றது. கால் கேட்கவில்லை. ஒரு பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, "எறங்குறீங்களா?" என்றுகூடக் கேட்டார். "இல்ல, நீங்க எறங்குங்க" என்று அவருக்கு வழிவிட்டேன். அவர் இறங்கவேண்டிய ஆளே இல்லை. பஸ் புறப்பட்டது. கம்பஸ் பக்கத்து மரங்கள் எனக்குக் கைகாட்டிவிட்டுப் பின்னால் போயின.

போன் அடித்தது.

"அப்பா, புள்ளி ஓடுது."

"டிரைவர் நிப்பாட்டலம்மா."

"பெல் அடிச்சீங்களா?"

"பெல்லு ரிப்பேர்."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னாலிருந்த ஒரு புண்ணியவதி பெல்லை அடித்தாள். அவ்வளவு சுத்தமான ஒரு டிங்கை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

"எனக்கே கேட்டுச்சுப்பா" என்று சொல்லி மகள் போனை வைத்தாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நிம்மதி இருந்தது. அவள் கடைக்கு வரத் தயாராகிவிட்டாள்.

பிலிமத்தலாவையில், என் சொந்தக் கடைக்கு நேர் எதிரே, டையோடும் பையோடும் இறங்கினேன். மனைவி வாசலில் நீளமான பிளாஸ்டிக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க சேர். என்ன வேணும்? குழாயா, ஆணியா?"

"இல்ல, வந்து... பஸ்ஸு..."

"நம்ம கடையில ஓடிப்போறதுக்கு சாமான் ஒண்ணும் இல்லிங்களே. பக்கத்துக் கடையில கேட்டுப் பாக்குறீங்களா?"

குழாய் வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரிடம், "நான் இந்தக் கடை முதலாளி" என்றேன். "அது நேத்து" என்றாள் மனைவி. பிறகு குழாயைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ள போன் பண்ணிச்சு. நாளையில இருந்து கடைக்கு வரவான்னு கேக்குது" என்றாள்.

உடனே எதிரே நின்ற த்ரீவீல் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். எங்களை நன்றாகத் தெரிந்த டிரைவர் என் டையைப் பார்த்து, "முதலாளி, கல்யாண வீடா?" என்று கேட்டார். "ஆமா, மாப்பிள்ள இவருதான். உள்ள போற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாங்க" என்று அவரிடம் சொல்லி என்னை ஏற்றிவிட்டாள். அந்த மனுசன் சொன்னபடியே செய்தார். நான் மண்டபப் படியில் திரும்பிப் பார்த்தபோது, கேட்டுக்கு வெளியே ஹோர்ன் அடித்து உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

தாமதமாகப் போனால் பின் வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடத்தை மறந்தவர்கள். பின் வரிசைதான் முதலில் நிரம்பும். எனக்கு மிச்சமிருந்தது முன் வரிசையில், விரிவுரையாளர் அம்மாவின் மூக்குக்குக் கீழே இருந்த ஒரு கதிரை. உட்கார்ந்தேன். பையிலிருந்து அடிமட்டம் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துத் தந்தார்.

அவர் நல்ல மனுசி. முதல் நாள் என்பதால் பாடம் இல்லை என்றார். எல்லாரையும் நான்கு நான்கு பேராகப் பிரித்தார். "இங்கே வரும்போது உங்களுக்கு என்னென்ன பயம் இருந்தது என்று உங்களுக்குள் பேசுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மேடைக்கு வந்து மைக்கில் சொல்லவேண்டும்" என்றார். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

என் குழுவில் என்னைத் தவிர மூன்று பேர். அக்குறணையிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. வீட்டில் கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர், ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி. ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒரு பிள்ளை. அவள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மரத்தடி வாங்குப் பலகை ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து பார்சல்களைப் பிரித்தோம். அக்குறணைத் தங்கச்சி எல்லாருக்கும் கட்லட் வைத்தார்.

"யாரு பேசுறது?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஏலா நானா" என்றார் அவர் உடனே, என்னை அண்ணன் முறை வைத்து. "படிச்சதெல்லாம் மறந்து போய்ட்டு. புள்ள பொறந்தப்பவே மண்டையில இரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன் போல."

"என்னைப் பாக்காதேங்கோ அண்ணை" என்றார் வங்கித் தம்பி. "கவுண்டர்ல கண்ணாடி இருந்தாத்தான் எனக்குக் கதை வரும். சனத்துக்கு முன்னால விட்டா நாக்கு ஒட்டிப் போயிடும்."

தோட்டத்துப் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான் ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன் அண்ணே. இங்கிலீஷ்லயும் ஒரு பாடம் இருக்குன்னு சொன்னாங்க. நான் வாயத் தொறந்தா எல்லாரும் சிரிப்பாங்க."

"அந்த பஸ்ஸு இங்க பேராதனையிலயே நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்கும். ஏன்?"

"எனக்கும் ஒரு சீட்டு போடு தாயி."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. காலையில் நடந்ததை, டிக்கெட்டிலிருந்து டிங் வரைக்கும், அவர்களிடம் சொன்னேன். வங்கித் தம்பிக்குச் சோறு புரையேறியது. அக்குறணைத் தங்கச்சி போனைப் பார்க்க மறந்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளை மட்டும் சிரிக்காமல் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தக் குரல நான் கேட்டிருக்கேன். மஹய்யாவையில எங்க சித்தி வீடு இருக்கு. தேர்த் திருவிழாவுக்கு வந்தா மைக்குல ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பாரு. புள்ளையக் காணோம், செருப்பக் காணோம்னு. நீங்கதானே அது?"

நான்தான். எங்கள் கோயில் திருவிழாவில் மைக் என் கையை விட்டு இறங்காது. ஆயிரம் பேருக்கு முன்னால் அதட்டிப் பேசுகிறவன், ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்துக்கு வரப் பயந்து பிலிமத்தலாவை வரைக்கும் ஓடியிருக்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

"அண்ணை பேசினா நானும் நிக்கிறன்" என்றார் வங்கித் தம்பி.

"அண்ணே பேசுனா நான் அடுத்த பஸ்ஸுல போறேன்" என்றாள் பிள்ளை.

எங்கள் முறை வந்தது. மேடை ஏறினேன். ஒரு சொல்லும் ஞாபகமில்லை. கடைசியில் மைக்கைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. கை மைக்கை மூன்று தரம் தட்டியது. வாய் அதில் ஃபூ ஃபூ என்று ஊதியது. பிறகு என் தொண்டையிலிருந்து அந்தத் திருவிழாக் குரல் கிளம்பியது.

"ஹலோ, மைக் டெஸ்டிங். அம்பாளின் அருள் நாடி வந்திருக்கும் பக்த அடியார்களே! கோயில் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கும் வெள்ளை நிற வேனின் உரிமையாளர் உடனடியாக அதை அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மண்டபம் செத்துக் கிடந்தது. விரிவுரையாளர் அம்மாவின் கண்கள் மூக்குக்கண்ணாடியை விடப் பெரிதாகிவிட்டன. நான் மனதுக்குள் மகளைக் கடையில் உட்காரவைத்துக் கல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டேன். அப்போது பின் வரிசையில் ஒரு ஆள் அடித்துப் பிடித்து எழும்பி, பொக்கற்றில் சாவியைத் தடவிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். அவருடைய வேன் வெள்ளை.

மண்டபம் வெடித்தது. மேசையைத் தட்டினார்கள். ஒருவர் விசிலே அடித்தார். அந்தச் சத்தத்தைத் திருவிழாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்; அது கேட்டால் எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். சரி, போனது போகட்டும், முழுக்கவே திருவிழா நடத்திவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"அடுத்து, காணாமல் போனவை பற்றிய அறிவிப்புகள். அக்குறணையைச் சேர்ந்த ஒரு தாயாரின் ஞாபகசக்தி, பிரசவ வார்டில் தவறவிடப்பட்டுள்ளது. கண்டெடுத்தவர்கள் மேடைக்கு அருகில் ஒப்படைக்கவும். வங்கியில் பணிபுரியும் ஒரு தம்பியின் குரல், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் காணாமல் போயுள்ளது. அடையாளம்: ஆமாம் என்பதற்கு ஓம் என்று ஆரம்பிக்கும். ஹேவாஹெட்டையிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் ஆங்கிலம் பஸ் நெரிசலில் கைநழுவிவிட்டது. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சிரிக்காமல் திருப்பித் தரவும்."

இந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது தங்களுடைய ஆங்கிலமாகவும் இருந்திருக்க வேண்டும். கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை மடியிலிருந்த பையை இறக்கிக் கதிரைக்குக் கீழே வைப்பதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

"கடைசி அறிவிப்பு. வயது நாற்பத்தெட்டு, நரைத்த மீசை, நீல டை. பேராதனையில் இறங்கவேண்டிய ஒரு ஆண் பிள்ளை, பிலிமத்தலாவையில் தன் சொந்த மனைவியால் கண்டெடுக்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டுள்ளது. சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறது. உரியவர்கள் வந்து கூட்டிச் செல்லவும்."

"ஓம், நாங்கள் கூட்டிக்கொண்டு போறம்!"

கத்தியது வங்கித் தம்பி. கண்ணாடி இல்லாமல், எழும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கி. மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்கே அப்போதுதான் தான் கத்தியது தெரிந்து காது சிவந்தது.

இறங்கி வந்தபோது அக்குறணைத் தங்கச்சி, "நானா, என்னையும் பக்த அடியாராக்கிட்டீங்களே, எங்கட வாப்பாக்கு என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேன்காரர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, வேன் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று எல்லாருக்கும் அறிவித்தார். அவருக்கும் கைதட்டல். விரிவுரையாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அடுத்த குழு பாவம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னதானம் எத்தனை மணிக்கு ஐயா?" என்று கேட்டார்.

மிச்சம் ஒரு வகுப்பு இருந்தது. கம்ப்யூட்டர். அங்கே நான் வீரன் இல்லை. கடவுச்சொல் போடச் சொன்னார்கள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார்கள். அதற்குள் மறந்துவிட்டேன். தோட்டத்துப் பிள்ளை பக்கத்துக் கதிரையிலிருந்து எட்டி, "அண்ணே, உங்களுக்குப் புடிச்ச ஏதாச்சும் போடுங்க" என்றாள். அவளுடைய இரண்டு மணி பஸ் போய் வெகுநேரமாகியிருந்தது. என் கடவுச்சொல் என்ன என்பதை இங்கே எழுதமுடியாது. குழாய் சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வீட்டுக்கு நான் வெற்றிவீரனாக, டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தேன். மகள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா? புள்ளி அசைஞ்சிச்சா?"

"அதான் சந்தேகமா இருக்கு. உங்களால அவ்வளவு நேரம் ஒரு இடத்துல இருக்க முடியாது. போன மட்டும் வகுப்புல வச்சிட்டு டீக்கடையில இருந்தீங்களா?"

வங்கித் தம்பி மேடையில் நான் பேசியதைப் பதிவு செய்து, நாங்கள் நால்வரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். குழுவின் பெயர் 'பக்த அடியார்கள்'. பெயர் வைத்தது அக்குறணைத் தங்கச்சி. அந்தப் பதிவைப் போட்டுப் போனை அப்படியே மகளிடம் கொடுத்தேன். முதல் தடவை கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டாள். வேன்காரர் ஓடிய கதையை நடுவில் நான் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது தடவை கேட்டபோது சிரிக்கவில்லை. கடைசி அறிவிப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை கேட்டாள்.

"அப்பா, நெசமாவே சொல்லுங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு யாரோட உக்காந்தீங்க?"

"மூணு பேரோட. காலையில ஒருத்தரையும் தெரியாது."

"நீங்களா போய்ப் பேசுனீங்களா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் பயமா இருந்துச்சு. அதனால பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டோம்."

அவள் போனை என் கையில் திருப்பித் தந்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த பெரிய சூட்கேசை இறக்கினாள். அதன் மேலிருந்த தூசியெல்லாம் என் தலையில் கொட்டியது. கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத மனைவி, அந்தச் சூட்கேசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

எனக்குத்தான் அப்போது புதிதாகப் பயம் பிடித்தது. கிழக்குப் பக்கம் எவ்வளவு தூரம்! பஸ் மாறவேண்டுமே!

"பூட்டு நல்ல பூட்டா? கடையில இருந்து ஒண்ணு கொண்டாரவா? எறங்குற இடத்த கண்டக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிரு. தூங்கிறாத. பெல்ல நீயே அடி. அங்க கொசு இருக்குமாம், அந்த லோஷன்..."

மகள் சூட்கேசின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா, மைக்க கீழ வைங்க. இனி நான் பேசிக்கிறேன்."